கதவைத் திறந்து விடவும்

இத்ரிஸ் என்ற பெயரை முதியோர் இல்லத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களின் பட்டியலில் கண்டதுமே தவமலர் குசினிக்குப் போய், பதினாலாம் அறைக்குப் பன்றி இறைச்சி கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. இத்ரிஸ் என்றால் முஸ்லிம் பெயர். யாழ்ப்பாணத்தில் முஸ்லிம் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவளுக்கு இது கூடவா தெரியாது? இந்த டெனிஷ்காரருக்கு இதெல்லாம் எங்கே விளங்கப்போகிறது என்று மனதுக்குள் ஒரு சின்னப் பெருமை வேறு.

மூன்று நாள் அந்தக் கிழவர் கோழியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டார். நாலாம் நாள் பக்கத்து மேசைக்காரர் பன்றிப் பொரியலின் தோலை மொறுமொறுவென்று கடிக்கிற சத்தம் கேட்டுக் கரண்டியை வைத்துவிட்டு, "நான் செய்த குற்றம் என்ன?" என்று கேட்டார். விசாரித்ததில் வண்டவாளம் வெளியே வந்தது. அவருடைய முழுப் பெயர் இத்ரிஸ் பிறைஸ். ஊர் வேல்ஸ். இத்ரிஸ் என்பது அந்த நாட்டில் ஒரு மலையையே கதிரையாக்கி உட்கார்ந்திருந்த பூதத்தின் பெயராம். "பெயரைக் கேட்டவுடன் ஆளை முடிவுகட்டிவிட்டாயே" என்று சொல்லி, இருமல் வரும்வரை சிரித்தார். தவமலரும் சிரித்தாள். சிரித்தாளே தவிர அதிலிருந்து ஒன்றும் படிக்கவில்லை. படித்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திராது.

டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில், ரயில் பாதைக்கு அப்பால் இருக்கிற அந்த முதியோர் இல்லத்தில் அவள் பத்தொன்பது வருஷமாக வேலை செய்கிறாள். கெட்டிக்காரி. கை சுத்தம், வாய் சுத்தம், நேரம் தவறாதவள். ஒரே ஒரு குறை. ஒருவர் வாயைத் திறக்க முன்னமே அவளுக்கு விளங்கிவிடும். அப்படி விளங்கியதில் முக்கால்வாசி சரியாகவும் இருந்து தொலைத்தது. அதுதான் வில்லங்கம்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய்ப் பன்றிக் கதையைக் கணவனிடம் சொன்னாள். இராசரத்தினம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆர், மெசின் பிறைஸோ? எடியேய், எண்பத்தொன்பதிலை பின்னல் ஃபாக்டரியிலை எங்களுக்கு மெசின் காட்டித் தந்ததே அந்தாள்தான். எழுத்திலை கெட்டிக்காரன், ஆனா அவற்றை வாயாலை வாற டெனிஷ் எங்கடை டெனிஷை விட மோசம். ஃபோர்மன் சொல்லுறதை அவர் எங்களுக்கு விளங்கப்படுத்துவார், நாங்கள் அவருக்கு விளங்கப்படுத்துவம். கடைசியிலை ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்காது. ஆனா மெசின் ஓடும்."

பிறைஸின் அறையில் சொத்து என்று சொல்ல ஒரு சப்பாத்துப் பெட்டிதான் இருந்தது. அதற்குள் உள்ளங்கையளவு அட்டைகள், அகர வரிசையில், நானூறுக்கு மேல். ஒவ்வோர் அட்டையிலும் வேல்ஸ் நாட்டில் பெயர் எடுத்த ஒருவரின் வாழ்க்கை. கல்யாணம் முடித்த புதிதில் அவருடைய டெனிஷ்கார மனைவி கிர்ஸ்டன், "உங்கள் ஆட்களில் பெயர் சொல்லத்தக்கவர் எவராவது இருக்கிறாரா?" என்று பகிடியாகக் கேட்டாளாம். மனிதருக்குச் சுட்டுவிட்டது. அன்று எழுதத் தொடங்கியவர், அவள் வாசிப்பதற்காக டெனிஷிலேயே எழுதி, அவள் செத்து எட்டு வருஷத்துக்குப் பிறகும் நிறுத்தவில்லை.

அட்டைக்கு ஒரு சட்டம் இருந்தது. கடைசி வரியில் இரண்டு விஷயம் கட்டாயம் வரவேண்டும்: எப்படிச் செத்தார், சாகும்போது பக்கத்தில் யார் இருந்தார்.

"பெரிய புத்தகங்களில் பட்டம், பதவி, சண்டை எல்லாம் இருக்கும்" என்றார் பிறைஸ். "இது மட்டும் இராது. பொய் எழுத வசதியான இடம் அதுதான். ஆகவே நான் அங்கே பொய் எழுதுவதில்லை. தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுவேன்."

அந்தக் கடைசி வரி தவமலருக்குச் சுருக்கென்று தைத்தது. அவளுடைய அப்பா இரண்டாயிரத்து ஒன்பதில் வன்னியில் செத்தார். எந்த நாள் என்று ஒருவர் ஒன்று சொன்னார், இன்னொருவர் வேறொன்று சொன்னார். பக்கத்தில் யார் இருந்தது என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. இக்காஸ்டில் இருந்து தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு கிடந்தவள் அவள். அதற்குப் பிறகுதான், தன் பிரிவில் ஒருவரும் தனியே சாகக்கூடாது என்று ஒரு பிடிவாதம் பிடித்தாள். வேலை முடிந்த பிறகும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருப்பாள். மற்றவர்கள் அதைப் பெரிய மனசு என்றார்கள். அவளுக்கு அது மனசு அல்ல, பயம்.

காலையில் அவரைக் குளிப்பாட்டும்போது ஒரு நாளைக்கு ஒரு ஆளின் கதை சொல்லுவார். ரொபேர்ட் ரெக்கோர்ட். கணக்கில் நாம் போடுகிற அந்தச் சமன் குறி அவர் போட்ட கோடுகள்தானாம். லண்டன் சிறையில் செத்தார், பக்கத்தில் யார் என்று தெரியாது. டிக் பெண்டெரின். ஒரு கலவரத்தில் சிப்பாயின் காலில் குத்தினான் என்று இருபத்துமூன்று வயதில் தூக்கில் போட்டார்கள். இது அநியாயம் என்று கத்திக்கொண்டே செத்தான். குத்தினது நான்தான் என்று வேறொருவன் நாற்பது சொச்சம் வருஷத்துக்குப் பிறகு அமெரிக்காவில் சாகக் கிடக்கும்போது ஒப்புக்கொண்டானாம்.

"நாற்பது வருஷம்!" என்றாள் தவமலர். "எப்படி வாயை மூடிக்கொண்டு சோறு தின்றான்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்" என்றார் பிறைஸ்.

அவளுடைய பெயர் அவர் வாய்க்குள் நுழையவில்லை. ஆகவே பெட்சி என்று கூப்பிட்டார். பெட்சி கட்வலடர் ஒரு தாதி. அறுபத்தைந்து வயதில் கிரிமியா யுத்தத்துக்குக் கப்பல் ஏறிப் போய்க் காயக்காரருக்குப் பணிவிடை செய்து, நோயோடு திரும்பி, லண்டனில் ஏழைகளைப் புதைக்கிற குழியில் புதைக்கப்பட்டவள். அந்தப் பெயர் தனக்கு வந்ததில் தவமலருக்கு உச்சி குளிர்ந்தது. ஓவன் கிளின்டூர் கதை சொன்ன நாளில் மட்டும் அவள் அவசரத்தில் இருந்தாள். அறுநூறு வருஷத்துக்கு முன் ஆங்கிலேயரை எதிர்த்து எழும்பிய வேல்ஸ் இளவரசன்; கோட்டை கோட்டையாகப் பிடித்தான், பிறகு தோற்றான், ஒருநாள் காணாமல் போனான்; எங்கே புதைத்தது என்று தெரியாது, ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை. இவ்வளவும் கேட்டாள். அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்றும் சொன்னார். ஷவரில் கையை நீட்டி, அங்கே விழுவதைக் காட்டிக் காட்டி என்னவோ சொன்னார். அவள் ஷாம்பூவைக் கழுவிக்கொண்டு, "ஓம், ஓம்" போட்டாள்.

மறதி நோய்க்கு ஒரு ஒழுங்கு உண்டு. கடைசியாக வந்ததை முதலில் பிடுங்கும். இலையுதிர்காலத்தில் பிறைஸிடமிருந்து டெனிஷ் போனது. தை மாதத்தோடு ஆங்கிலமும் போனது. வசந்தம் வரும்போது பிறந்த வீட்டு வேல்ஸ் பாஷை மட்டும் மிச்சம். வேலைக்காரர் எல்லாரும் தவமலரைப் பிடித்துத் தள்ளினார்கள்: "நீ போய்ப் பார். உன்னோடுதானே கதைக்கிறார்." டெனிஷ் அல்லாத பாஷை எல்லாம் அவர்களுக்கு ஒரே பாஷைதான். முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு, சொல்லப்போனால், பிடித்துப்போனது.

ஏனென்றால் விளங்கத்தான் செய்தது. அவர் "தே" என்றால் தேத்தண்ணி, இதற்கு அகராதியா வேண்டும்? முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு சொல் சொன்னால் நோகிறது. போர்வையை இழுத்துக்கொண்டு ஒரு சொல் சொன்னால் குளிர்கிறது. அவள் அறையை விட்டு வெளியே வந்து, "வலிமாத்திரை கேட்கிறார்" என்று சொல்லும்போது மற்றவர்கள் அவளைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் அவளுக்குக் கிடைக்காத மரியாதை அது.

வைகாசி கடைசியில் ஒரு பின்னேரம், பிறைஸ் அவளைப் பார்த்து "டூர்" என்றார்.

தவமலருக்கு முதலில் தமிழ்க் காதுதான் விழித்தது. தூரப் போ என்கிறாரோ என்று ஒரு அடி தள்ளி நின்றாள். அவர் மறுபடியும் "டூர், டூர்" என்று சொல்லித் தோட்டத்துப் பக்கம் கையை நீட்டினார். அவளுக்குப் பளிச்சென்று பிடிபட்டது. டெனிஷில் கதவுக்கு டோர். ஆங்கிலத்திலும் டோர். மனிதர் இழந்த இரண்டு பாஷையிலும் மிச்சம் கிடந்த ஒரு சொல்லைத் தேடி எடுத்திருக்கிறார். தோட்டக் கதவை அகலத் திறந்து விட்டாள். பிறைஸ் அந்தப் பக்கம் திரும்பி, பேச்சை நிறுத்தி, பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே தோட்டப் பராமரிப்புக்காரன் குழாயைப் பிடித்துப் பூக்களுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டு நின்றான்.

அவளுக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஆனி மாதத்தில் பிரிவுத் தாதி லோனெ அவளைக் கந்தோர் அறைக்குள் கூப்பிட்டாள். கோடை விடுமுறை வருகிறது, பாதிப் பேர் போய்விடுவார்கள், புது ஆட்கள் வருவார்கள். பிறைஸின் தங்கை மகள் மெரெரிட் வேல்ஸில் இருக்கிறாள், அவளிடம் தொலைபேசியில் கேட்டு ஒரு பத்துப் பதினைந்து சொல்லை எழுதி வைத்தால் என்ன என்று கேட்டாள்.

"தேவையில்லை" என்றாள் தவமலர். "எனக்கு விளங்குகிறது. நானே எழுதி வைக்கிறேன்."

"நிச்சயமா?"

"நிச்சயம்."

லோனெ இன்னும் இரண்டு நாளில் விடுமுறையில் போகிறவள். ஒரு வேலை குறைந்தது என்று நிம்மதியாகத் தலையாட்டினாள். தவமலர் கணினியில் இருக்கிற அவருடைய ஜேர்னலில், எல்லா வேலைக்காரரும் காலையில் திறந்து பார்க்கிற பக்கத்தில், ஐந்து குறிப்பு எழுதினாள். நாலு சரி. ஐந்தாவது: "டோர் என்று சொன்னால் கதவு. தோட்டக் கதவைத் திறந்து விடவும்."

அதற்கு மேலே இன்னொரு குறிப்பு ஏற்கெனவே கிடந்தது. அது அவள் எழுதியதல்ல. பிறைஸ் மெலிந்துபோனதால், வெறும் தண்ணீர் கொடுத்து வயிற்றை நிரப்பாமல், சத்துப் பாலும் சிவப்புப் பழச் சர்பத்தும் கொடுக்கும்படி எழுதியிருந்தது. நல்ல எண்ணம்தான். எல்லாரும் நல்ல எண்ணத்தோடுதான் இருந்தார்கள்.

ஆடி பிறந்ததோடு வெயில் பிடித்தது. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. குளிருக்குக் கட்டின கட்டடம், உள்ளே சூடு போனால் வெளியே வராது. பிறைஸ் "டூர்" என்றார். புதிதாக வந்த பிள்ளைகள் குறிப்பைப் பார்த்துக் கதவைத் திறந்தார்கள். அனல் காற்று உள்ளே வந்தது. அவர் "டூர்" என்றார். ஒருவேளை சாத்தச் சொல்கிறாரோ என்று சாத்தினார்கள். அவர் "டூர்" என்றார். மறுபடி திறந்தார்கள். நாள் முழுக்க அந்தக் கதவுக்கு ஓய்வில்லை. சர்பத்தைக் கொண்டுபோய் வாயில் வைத்தால் ஒரு மிடறு எடுத்துவிட்டுத் தலையைத் திருப்பினார். சத்துப் பாலைத் துப்பினார். எவ்வளவு குடித்தார் என்று குறிக்கிற பக்கத்தில் இலக்கங்கள் இறங்கிக்கொண்டே போயின.

ஒன்பதாம் நாள் தவமலர் அவருக்குச் சட்டை மாற்றிக்கொண்டு நின்றாள். பிறைஸ் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். அந்த மெலிந்த கையில் அவ்வளவு பிடி இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. உதடு வெடித்திருந்தது.

"பெட்சி" என்றார். "டூர்."

"கதவு திறந்துதானே கிடக்குது பிறைஸ்" என்று அவள் தமிழிலேயே சொன்னாள். "அங்கை பாருங்கோ, ஆவெண்டு திறந்து கிடக்குது."

அவர் பார்த்தது கதவை அல்ல, அவளுடைய முகத்தை. பிறகு கையை விட்டுவிட்டார்.

வெயில் தொடங்கிப் பதினைந்தாம் நாள் லோனெ விடுமுறை முடிந்து, முகம் வெயிலில் சிவந்து திரும்பி வந்தாள். பிறைஸின் கட்டிலருகே கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். அவளுடைய கண் கலங்கியது.

"தவமலர், இவர் கதவைச் சொல்லவில்லை. வடிவாகக் கேள். சாகிறேன் என்கிறார்."

டெனிஷில் இப்படியொரு சூனியம் இருக்கிறது. டோர் என்றால் கதவு. அதே டோரைத் தொண்டையில் ஒரு நெரி நெரித்துச் சொன்னால் சாகிறது. பாஷைப் பள்ளிக்கூடத்தில் இந்த நெரிப்பு வராமல் தவமலர் ஒரு மாதம் அழுதிருக்கிறாள். கதவு பூட்டிக் கிடக்கிறது என்று சொல்லப்போய், ஆள் செத்துப்போச்சு என்று அர்த்தம் வந்து வகுப்பே சிரித்தது. அப்படிப் பாடுபட்டுப் படித்தவளுக்கா தெரியாது?

"நெரிப்பு இல்லை" என்றாள். "எனக்குக் கேட்கும். அது கதவுதான்."

"நான் டெனிஷ்காரி" என்று லோனெ மெல்லச் சிரித்தாள். இரக்கமான சிரிப்புத்தான். ஆனால் அதற்கு மேல் பேச இடம் வைக்காத சிரிப்பு.

கதவா சாவா என்று இரண்டு பெண்கள் அந்தக் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று வாதாடினார்கள். நடுவில் கிடந்தவர் இரண்டையும் கேட்கவில்லை.

டொக்டர் வந்தார், பத்து நிமிஷம் நின்றார். எண்பத்தெட்டு வயது, குடிக்க மறுக்கிறார், தானே சாகிறேன் என்கிறார். ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டாம், நோகாமல் வைத்திருங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மெரெரிட்டுக்குச் செய்தி அனுப்பினார்கள். குடித்த அளவு குறிக்கிற பக்கம் மூடப்பட்டது.

அன்று பின்னேரம் வீட்டில் தவமலர் பொரிந்து தள்ளினாள். இராசரத்தினம் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"அது சரி. கதவு திறந்து கிடக்கேக்கை, அந்தாள் ஏன் பிறகும் பிறகும் கதவைக் கேக்கிறார்?"

"உங்களுக்கென்ன தெரியும்? நானோ நீங்களோ அவரோடை இருக்கிறது?"

"இல்லை, கேட்டனான். மெசினெண்டால் அந்தாள் ஒரு சாமானை ரெண்டாந்தரம் கேக்கிறதெண்டால், நாங்கள் பிழையான சாமானைக் குடுத்திட்டம் எண்டு அர்த்தம்."

அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டாள். ஆனால் அந்தக் கேள்வி எழும்பிப் போகவில்லை.

அடுத்த நாள் அவளுக்கு விடுப்பு. ஆனாலும் காலையில் போய்ப் பிறைஸின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கண் மூடிக் கிடந்தார். மூச்சு நீண்டு நீண்டு வந்தது. சும்மா இருக்கப் பயமாக இருந்தது. சப்பாத்துப் பெட்டியை மடியில் வைத்து, ஒவ்வோர் அட்டையாக டெனிஷில் சத்தமாக வாசித்தாள். அவருக்கு டெனிஷ் விளங்காது. பெயர்களாவது காதில் விழட்டும். பெட்சி கட்வலடரை இரண்டு தரம் வாசித்தாள். அதற்குப் பிறகு இன்னும் எத்தனையோ அட்டை. அதற்குப் பிறகு ஓவன் கிளின்டூர்.

பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில், கிர்ஸ்டனுக்கு விளங்கட்டும் என்று எழுதியிருந்தார்: கிளின் என்றால் பள்ளத்தாக்கு. டூர் என்றால் தண்ணீர்.

தவமலர் அந்த வரியை வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். போன பிறகுதான் நின்றாள். திரும்பி வந்தாள். டூர் என்றால் தண்ணீர். ஷவரில் நீட்டிய கை நினைவுக்கு வந்தது. தோட்டத்தில் குழாய் பிடித்துக்கொண்டு நின்ற பராமரிப்புக்காரன் நினைவுக்கு வந்தான். வெடித்த உதடு. "பெட்சி, டூர்."

பெட்டி மடியிலிருந்து விழுந்தது. குளியலறைக் குழாயைத் திறந்து கோப்பையைப் பிடித்தாள், பாதி கொட்டியது. வாய் துடைக்கிற பஞ்சுக் குச்சியைத் தோய்த்து அவருடைய உதட்டில் வைத்தாள்.

"டூர்" என்றாள். "டூர், பிறைஸ். இந்தாங்கோ, டூர்."

அவர் பஞ்சை உறிஞ்சினார். நேற்றிலிருந்து ஒன்றுக்கும் அசையாதவர் உறிஞ்சினார். குச்சியை எடுக்கப் போனபோது பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டார். அவள் தேக்கரண்டியால் ஊற்றினாள், ஒவ்வொரு துளியாக, விழுங்குகிறாரா என்று தொண்டையைப் பார்த்துப் பார்த்து. ஆறாவது கரண்டியில் கண் திறந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை. கோப்பையைத்தான் பார்த்தார்.

தவமலர் ஓடிப்போய் லோனெயைக் கூட்டிவந்தாள். லோனெ பார்த்தாள், உடனே டொக்டரைக் கூப்பிட்டாள். சிறுநீர் மூன்று நாளாக இல்லை என்பதைக் கேட்ட டொக்டர், இனி ஒன்றும் செய்ய இயலாது, கரண்டியில் கொடுங்கள் என்றார். கொடுத்தாள். அன்று முழுக்கக் கொடுத்தாள். அடுத்த நாள் பகல் பதினொன்றேகாலுக்குப் பிறைஸ் செத்தார். தவமலர் பக்கத்தில் இருந்தாள். தன் பிடிவாதத்தை அவள் காப்பாற்றிவிட்டாள்.

லோனெ அவளைக் கட்டிப் பிடித்தாள். "உனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? யாருக்குமே தெரியாதே."

"எனக்குச் சொன்னவர்" என்றாள் தவமலர். "போன வருஷமே சொன்னவர். நான்தான் கேட்கவில்லை."

"உன்னை வதைத்துக்கொள்ளாதே. எண்பத்தெட்டு வயது. டொக்டர் எடுத்த முடிவு. தங்கை மகளிடம் அமைதியாகப் போனார் என்று சொல்லுவோம். அது உண்மையும்தானே?"

தவமலர் ஜேர்னலைத் திறந்து ஐந்தாவது குறிப்பைத் திருத்தப் பார்த்தாள். ஆள் இறந்ததும் ஜேர்னல் பூட்டிக்கொள்ளும். வாசிக்கலாம், எழுத முடியாது. "தோட்டக் கதவைத் திறந்து விடவும்" என்று அவளுடைய பெயரோடு அது அப்படியே இருந்தது.

மெரெரிட் நாலாம் நாள் வந்தாள். ஐம்பது வயது இருக்கும், பிறைஸின் மூக்கு. லோனெ அவளைப் பதினாலாம் அறைக்குக் கூட்டிவந்து ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னாள். நோவில்லை, அமைதியாகப் போனார், தன் முடிவு தெரிந்திருந்தது, சாகிறேன் என்று அவரே டெனிஷில் சொன்னார். தவமலர் அலுமாரிக்கு முன்னால் நின்று அவருடைய சேட்டுகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"டெனிஷிலா?" என்றாள் மெரெரிட். "டெனிஷ் முழுக்க மறந்துவிட்டது என்று நீங்கள்தானே எழுதினீர்கள்?"

"சில சொல் கடைசியில் திரும்பி வரும்" என்றாள் லோனெ. தொலைபேசி அடித்தது. அவள் வெளியே போனாள்.

தவமலர் ஒரு சேட்டை மூன்று தரம் மடித்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இன்னும் பத்து நிமிஷத்தில் இந்தப் பெண் காரில் ஏறிப் போய்விடுவாள். ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், நாற்பது வருஷம் கூட. அமெரிக்காவில் சாகக் கிடந்து ஒப்புக்கொண்ட அந்த மனிதனும் முதல் நாள் இப்படித்தான் ஏதோ ஒன்றை மடித்துக்கொண்டு நின்றிருப்பான்.

கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். அவருடைய பெட்டியில் மிச்சம் கிடந்த வெற்று அட்டை. முந்தின நாள் வீட்டில் எழுதியது. டெனிஷில் எழுத உட்கார்ந்தாள், அது ஜேர்னல் குறிப்பைப் போலவே வந்தது. ஆகவே தமிழில் எழுதினாள்.

"இது என்ன?" என்றாள் மெரெரிட்.

தவமலர் தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் ஒவ்வொரு வரியாகச் சொன்னாள்.

"இத்ரிஸ் பிறைஸ். பிறந்தது வேல்ஸ். ஐம்பத்தெட்டு வருஷம் இக்காஸ்டில். மெசின் ஓட வைத்தவர். எங்கள் ஆட்களுக்கு வேலை பழக்கியவர். நானூறு பேரின் வாழ்க்கையை எழுதியவர். தண்ணீர் கேட்டுக் கேட்டுச் செத்தார். அவர் டூர் என்றார். நான் கதவு என்று எழுதி வைத்தேன். எல்லாரும் கதவைத் திறந்தார்கள்."

மெரெரிட் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எத்தனை நாள்?"

"பதினாறு. உங்களிடம் கேட்கச் சொன்னார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். எனக்கு விளங்குகிறது என்று சொன்னேன்."

தோட்டத்தில் யாரோ கதிரையை இழுக்கிற சத்தம் கேட்டது. மெரெரிட் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். கையை எடுத்தபோது கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் நிதானமாக வந்தது.

"அட்டையில் கடைசி வரி இல்லை."

தவமலருக்குத் தெரியும். பக்கத்தில் யார் இருந்தது என்ற வரி. மூன்று தரம் பேனாவை வைத்து மூன்று தரம் எடுத்தாள். தண்ணீர் கொடுக்காதவள் பக்கத்தில் இருந்தாள் என்று எப்படி எழுதுவது?

மெரெரிட் தன் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள். "எழுதுங்கள்."

தவமலர் எழுதினாள். பக்கத்தில் இருந்தவர்: தவமலர் இராசரத்தினம்.

"நான் வாசிக்கக்கூடிய எழுத்திலும்."

அதன் கீழே ஆங்கில எழுத்திலும் எழுதினாள். மெரெரிட் அந்த அட்டையை வாங்கி, பெட்டியைத் திறந்து, விரலால் தள்ளித் தள்ளிப் போய், பெண்டெரினுக்கும் ரெக்கோர்ட்டுக்கும் நடுவில் செருகினாள். மூடியை அழுத்தினாள். பெட்டியை அணைத்துக்கொண்டு எழும்பினாள். தவமலரைத் தொடவில்லை, ஏசவும் இல்லை. பிறகு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.